இடது கால்காரருக்கு வலது பக்கம் என்ன வேலை? - ‘இன்வெர்ட்டட் விங்கர்’ ஃபார்முலாவின் கதை

2024 ஜூலை 9, மியூனிக். யூரோ கோப்பை அரையிறுதி. 9-வது நிமிடத்திலேயே கோல் போட்டு பிரான்ஸ் முன்னிலையில் இருக்கிறது. 21-வது நிமிடம். பெனால்ட்டி பாக்ஸுக்கு வெளியே, கொஞ்சம் வலது பக்கம் ஒதுங்கிய இடத்தில் ஸ்பெயினின் லமின் யமால் காலில் பந்து. எதிரே பிரான்ஸின் ராபியோ. யமால் உடம்பை லேசாக ஆட்டுகிறார், பந்தை இடது பக்கமாக ஒரு தட்டு தட்டுகிறார், அடுத்த நொடி இடது காலால் வளைத்து அடிக்கிறார். கம்பத்துக்கு வெளியே போகப்போகிறது என்று நினைக்கும்போதே பந்து உள்ளே திரும்பி, தூரத்துக் கம்பத்தில் பட்டு வலைக்குள் விழுகிறது.

அன்றைக்கு யமாலின் வயது 16 வருடம் 362 நாள். யூரோ வரலாற்றில் இவ்வளவு சின்ன வயதில் யாரும் கோல் போட்டதில்லை.

ஆனால், கொஞ்ச காலமாக கால்பந்து பார்ப்பவர்களுக்கு அந்த கோல் புதிதாகத் தெரிந்திருக்காது. ‘இதை எங்கேயோ பார்த்திருக்கோமே’ என்றுதான் தோன்றியிருக்கும். சரிதான். அதே மியூனிக் மைதானத்தில், அதே வலது பக்கத்திலிருந்து, அதே இடது காலால் 10 வருடம் இதைத்தான் செய்துகொண்டிருந்தார் அர்யென் ராபன். அவருக்கு முன்னால் மெஸ்ஸி, பிறகு முகமது சலா, இன்றைக்கு சாகா, ஒலிசே. எல்லோருமே இடது கால்காரர்கள். எல்லோருமே வலது பக்கம் ஆடுபவர்கள்.

வலது பக்கம் ஆட வலது கால்காரர்தானே வேண்டும்? ஏன் இப்படித் தலைகீழாக நிறுத்துகிறார்கள்? பேரே அதுதான், ‘இன்வெர்ட்டட் விங்கர்’. தமிழில் சொன்னால் தலைகீழ் விங்கர்.

பழைய விங்கரின் வேலை

விங்கர் என்பவர் மைதானத்தின் ஓரத்தில் ஆடுபவர். பல பத்தாண்டுகளாக அவருக்கு ஒரே வேலைதான். பந்தை வாங்கு, ஓரத்தோடு ஓடு, டிஃபெண்டரைத் தாண்டு, கார்னர் கொடிக்குப் பக்கத்தில் போய் பந்தை நடுவே தூக்கிப் போடு. அதைத் தலையால் முட்ட அங்கே ஆஜானுபாகுவாக ஒரு ஸ்டிரைக்கர் காத்திருப்பார். ‘கிராஸ்’ என்று சொல்வது இதைத்தான்.

இந்த வேலைக்கு வலது பக்கம் வலது கால், இடது பக்கம் இடது கால் என்பதுதான் வசதி. ஓடுகிற வேகத்தில் நிற்காமல், திரும்பாமல், வெளிப்பக்கத்துக் காலால் அப்படியே பந்தை அனுப்பலாம்.

இந்த ரகத்தின் முதல் சூப்பர் ஸ்டார் இங்கிலாந்தின் ஸ்டான்லி மேத்யூஸ். 1953 எஃப்.ஏ. கோப்பை இறுதிப் போட்டியில் போல்ட்டனுக்கு எதிராக அவருடைய பிளாக்பூல் அணி 1-3 எனப் பின்தங்கியிருந்தது. கடைசியில் 4-3 என ஜெயித்தது. வெற்றி கோல், மேத்யூஸ் வலது ஓரத்தில் புகுந்து கொடுத்த பந்தில் பில் பெர்ரி அடித்தது. அதே மேட்ச்சில் ஸ்டான் மார்டென்சன் என்பவர் ஹாட்ரிக் கோல் போட்டிருக்கிறார், பாவம். ஆனாலும் அந்தப் போட்டிக்கு நிலைத்துவிட்ட பெயர் ‘மேத்யூஸ் ஃபைனல்’. விங்கருக்கு அப்போது இருந்த மவுசு அப்படி. 1956-ல் முதன்முதலாகக் கொடுக்கப்பட்ட பாலன் டி’ஓர் விருதும் அவருக்குத்தான் போனது.

பிறகு பிரேசிலின் கரிஞ்சா. 90-களில் மான்செஸ்டர் யுனைடெட்டின் வலதில் பெக்காம், இடதில் ரயன் கிக்ஸ். ஃபார்முலா மாறவே இல்லை. 4-4-2 வியூகம், இரண்டு ஸ்டிரைக்கர், ஓரத்தில் இருந்து பந்து வந்துகொண்டே இருக்கும்.

பிரச்சினை என்னவென்றால், கிராஸ் என்பது பார்க்க அழகு, பலன் குறைவு. தூக்கிப் போட்ட பந்தை எதிர்நோக்கி நிற்கிற டிஃபெண்டர் தலையால் வெளியே தள்ளுவது சுலபம். ஓடிக்கொண்டே அதைக் குறிபார்த்து கோலுக்குள் முட்டுவது கஷ்டம். 2014 பிப்ரவரியில் இதே மான்செஸ்டர் யுனைடெட், டேவிட் மோய்ஸ் பயிற்சியில், லீக்கில் தள்ளாடிக்கொண்டிருந்த ஃபுல்ஹாமுக்கு எதிராக 81 கிராஸ் போட்டது. ஆமாம், ஒரே மேட்ச்சில் 81. ரிசல்ட் 2-2.

கால்குலேட்டரை எடுங்க

தலைகீழ் விங்கர் ஏன் வேலை செய்கிறார் என்பதற்கு முதல் காரணம் பள்ளிக்கூட ஜியாமெட்ரி.

கோல் கம்பங்களுக்கு நடுவே அகலம் 7.32 மீட்டர். இது எங்கேயும் மாறாது. ஆனால், நீங்கள் எந்த இடத்தில் நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்து அந்த 7.32 மீட்டர் உங்கள் கண்ணுக்குப் பெரிதாகவோ சின்னதாகவோ தெரியும்.

பழைய விங்கர் ஓடிப்போய்ச் சேரும் இடத்தை எடுத்துக்கொள்வோம். கோல் லைனிலிருந்து 5 மீட்டர், கோலின் நடுப்புள்ளியிலிருந்து பக்கவாட்டில் 20 மீட்டர். அங்கிருந்து பார்த்தால் இரண்டு கம்பங்களுக்கும் இடையே தெரியும் கோணம் சுமார் 5 டிகிரிதான். கதவிடுக்கு மாதிரி. அங்கிருந்து கோல் அடிக்க நினைப்பது பேராசை, கிராஸ் போடுவதைத் தவிர வேறு வழியில்லை.

பெனால்ட்டி பாக்ஸின் மூலைக்கு வாருங்கள். கோணம் சுமார் 10 டிகிரி. அதே பாக்ஸின் விளிம்பை ஒட்டியே உள்பக்கமாகப் பத்து மீட்டர் நகருங்கள், 18 டிகிரியைத் தாண்டிவிடும். நடுவுக்கே வந்துவிட்டால் 25 டிகிரி. அதாவது, கோலை நெருங்கவே இல்லை, பக்கவாட்டில்தான் நகர்ந்தீர்கள், ஆனாலும் இலக்கு இரண்டரை மடங்கு பெரிதாகிவிட்டது.

வலது ஓரத்திலிருந்து இப்படி நடுவை நோக்கி வரும்போது, கோலுக்கு நேராக அமையும் கால் எது? இடது கால். அவ்வளவுதான் மேட்டர். வலது கால்காரர் அங்கே வந்தால் பந்தை நிறுத்தி, உடம்பைத் திருப்பி, பிறகுதான் அடிக்க முடியும். அதற்குள் மூன்று பேர் மேலே விழுந்துவிடுவார்கள்.

அடுத்தது, பந்தின் வளைவு. இடது காலின் உள்பக்கத்தால் சீவி அடித்த பந்து, இடமிருந்து வலமாக வளையும். வலது பக்கத்திலிருந்து தூரத்துக் கம்பத்தைக் குறிவைத்து அடிக்கும்போது, பந்து முதலில் கம்பத்துக்கு வெளியே போவது போலக் கிளம்பும். கோல்கீப்பரின் கை எட்டாத வட்டத்தைச் சுற்றிக்கொண்டு, கடைசியில் உள்ளே திரும்பும். யமாலின் கோல் அச்சு அசல் இது. சுழலும் பந்தின் இரு பக்கமும் காற்றோட்டம் வேறுபடுவதால் வரும் ‘மேக்னஸ் விளைவு’ என்று இயற்பியலில் படித்திருப்பீர்கள். சேப்பாக்கத்தில் ஸ்பின்னர் போடும் பந்து காற்றிலேயே நகர்கிறது, ‘டிரிஃப்ட்’ என்று கமென்ட்ரியில் சொல்கிறார்களே, அதுவும் இதே கணக்குதான்.

டிஃபெண்டர் பக்கம் நின்று பார்த்தால்...

இடது ஃபுல்பேக் பெரும்பாலும் இடது கால்காரர். தன் அணியின் இடது ஓரத்தைக் காப்பது அவர் வேலை. எதிரே வரும் வலது விங்கர் வழக்கம்போல ஓரத்தில் ஓடினால், ஃபுல்பேக்கின் பலமான இடது கால் அந்தப் பக்கம்தான் இருக்கிறது. நீட்டித் தட்டிவிடலாம். தட்டினாலும் பந்து வெளியே போகும், ஒரு த்ரோ-இன், பெரிய நஷ்டமில்லை.

விங்கர் உள்ளே வெட்டினால் கதையே வேறு. இப்போது ஃபுல்பேக் தன் பலவீனமான வலது காலை நீட்ட வேண்டும். ஒரு நொடி பிந்தினால் பந்து இருக்காது, விங்கரின் கால்தான் இருக்கும். ஃபவுல். பாக்ஸுக்குள் என்றால் பெனால்ட்டி.

2006 பிப்ரவரியில் செல்சிக்கு எதிரான சாம்பியன்ஸ் லீக் போட்டியில், 18 வயது மெஸ்ஸி வலது பக்கம் ஆடினார். செல்சியின் இடது ஃபுல்பேக் டெல் ஓர்னோ முதல் பாதி முடிவதற்குள் மெஸ்ஸி மீது மோதி சிவப்பு அட்டை வாங்கி வெளியேறினார். அப்போது பார்சிலோனாவின் பயிற்சியாளர் ரைகார்ட். இடது பக்கம் வலது கால்காரர் ரொனால்டினோ, வலது பக்கம் இடது கால்காரர் மெஸ்ஸி, நடுவில் எட்டோ. இன்றைய அணிகளில் பாதி இந்த மூவர் அமைப்பின் வாரிசுகள் என்று சொன்னால் மிகையில்லை.

இதை ரைகார்ட்தான் கண்டுபிடித்தார் என்றும் சொல்லிவிட முடியாது. 2003-04 சீசனில் லீக்கில் தோல்வியே காணாத ஆர்சனல் அணியில் இடது பக்கம் ஆடிய பிரான்ஸின் ராபர்ட் பிரெஸ் வலது கால்காரர். எதிர்க்காலில் ஆடும் விங்கர்கள் எல்லாக் காலத்திலும் அங்கங்கே இருந்தார்கள். விதிவிலக்காக இருந்தது விதியானது 2000-களின் இரண்டாம் பாதியில்தான்.

தெரிந்தும் தடுக்க முடியாத ராபன்

ராபனே கூட ஆரம்பத்தில் இடது விங்கர்தான். மொரின்யோவின் செல்சியில் (2004-05) ராபன், டேமியன் டஃப் இருவருமே இடது கால்காரர்கள். மேட்ச் நடக்கும்போதே இருவரும் பக்கம் மாறி மாறி ஆடுவார்கள். 2009 ஆகஸ்டில் ரியல் மாட்ரிட் அவரை பேயர்ன் மியூனிக்குக்கு விற்றது. அங்கே பயிற்சியாளர் வான் கால். இடது பக்கம் ஏற்கெனவே ஃபிராங்க் ரிபெரி, வலது கால்காரர். ராபன் வலது பக்கம் போனார். முதல் மேட்ச்சில் மாற்று வீரராக இறங்கி, வுல்ஃப்ஸ்பர்க் அணிக்கு எதிராக இரண்டு கோல். இருவர் பெயரையும் ஒட்டி ‘ராபரி’ என்று ஜெர்மனியில் செல்லப்பெயர் வைத்தார்கள்.

அடுத்த 10 சீசன்களில் பேயர்னுக்காக 309 போட்டிகள், 144 கோல்கள், 8 லீக் பட்டங்கள். அதில் எத்தனையோ கோல்கள் ஒரே மாதிரி இருக்கும். வலது ஓரத்தில் பந்து வாங்குவார், உள்ளே வெட்டுவார், இடது கால், தூரத்துக் கம்பம். யூடியூபில் அந்தத் தொகுப்பைப் பார்த்தால் ஒரே கோலைத் திரும்பத் திரும்பப் போடுகிறார்களோ என்று சந்தேகம் வரும்.

எல்லோருக்கும் தெரியும். எதிரணிப் பயிற்சியாளருக்கு, டிஃபெண்டருக்கு, கோல்கீப்பருக்கு, டிக்கெட் எடுத்து உட்கார்ந்திருப்பவருக்கு. அப்புறம் எப்படி?

ராபனின் ரகசியம் ‘என்ன’ என்பதில் இல்லை, ‘எப்போது’ என்பதில். உள்ளே வெட்டப் போகிறார் என்பது தெரியும். ஆனால், முதல் தட்டிலா, மூன்றாவது தட்டிலா, ஐந்தாவதிலா? ஒவ்வொரு தட்டுக்கும் டிஃபெண்டர் தன் எடையை எந்தக் காலில் வைப்பது என்று முடிவெடுத்தாக வேண்டும். அவர் எடை தவறான காலுக்கு மாறும் அந்த நொடிக்காகத்தான் ராபன் பந்தைக் காலோடு ஒட்டியே வைத்துக்கொண்டு குட்டிக் குட்டி எட்டாக ஓடுவார். உள்பக்கத்தை முழுசாக அடைத்துக்கொண்டு நின்றாலோ, எப்போதாவது ஒருமுறை ஓரத்தில் பாய்ந்து ஓடிவிடுவார். அந்த ‘எப்போதாவது’ போதும். அதற்குப் பிறகு எந்த டிஃபெண்டருக்கும் உள்பக்கத்தை மட்டும் அடைத்து நிற்கத் தைரியம் வராது. கூக்ளி எல்லா பந்திலும் வராது. ஆனால், வரலாம் என்ற பயம் எல்லா பந்திலும் இருக்கும், இல்லையா?

இந்த ஃபார்முலாவின் நாயகனுக்கு வாழ்க்கையின் பெரிய கோல் வேறு மாதிரி வந்தது என்பது ஒரு வேடிக்கை. 2012 சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டி, சொந்த மைதானம், செல்சிக்கு எதிராகக் கூடுதல் நேரத்தில் பெனால்ட்டி. ராபன் அடித்தார், பீட்டர் செக் பிடித்துவிட்டார். கடைசியில் ஷூட்-அவுட்டில் கோப்பை போனது. அடுத்த வருடம், 2013 மே 25, வெம்ப்ளி. டார்ட்மண்டுக்கு எதிராக 1-1. 89-வது நிமிடத்தில் ரிபெரி பின்னங்காலால் தள்ளிவிட்ட பந்தை எடுத்துக்கொண்டு ராபன் நடுவாக ஓடினார். ஓரமும் இல்லை, வெட்டும் இல்லை, வளைவும் இல்லை. இடது காலால் ஒரு சின்னத் தட்டு. கோல்கீப்பரைத் தாண்டி பந்து மெதுவாக உருண்டு உள்ளே போனது. ஓரத்து வீரர் நடுவே வந்து கோல் போடுபவராக மாறினால் என்ன நடக்கும் என்பதற்கு அதுவே சாட்சி.

காலியான ஓரம் யாருக்கு?

விங்கர் உள்ளே போய்விட்டார். ஓரம் காலி. அங்கே யாரும் இல்லாவிட்டால் எதிரணி மொத்தமும் நடுவில் வந்து குவிந்துகொள்ளும். இந்த இடத்தில்தான் கால்பந்தின் இன்னொரு பெரிய மாற்றம் நடந்தது.

அணியிலேயே கண்டுகொள்ளப்படாத ஆளாக இருந்த ஃபுல்பேக் இப்போது பழைய விங்கரின் வேலையையும் சேர்த்துப் பார்க்க ஆரம்பித்தார். மெஸ்ஸிக்குப் பின்னால் டானி ஆல்வெஸ். ரியல் மாட்ரிட்டில் இடது பக்கமிருந்து உள்ளே வந்த ரொனால்டோவுக்குப் பின்னால் மார்செலோ. ராபனுக்குப் பின்னால் ஃபிலிப் லாம், ரிபெரிக்குப் பின்னால் டேவிட் அலாபா. விங்கர் உள்ளே வெட்டும் அதே நொடியில் ஃபுல்பேக் வெளிப்பக்கமாக அவரைச் சுற்றி ஓடுவார். டிஃபெண்டர் யாரைப் பிடிப்பது? விங்கரைத் தொடர்ந்தால் ஓரத்தில் ஃபுல்பேக் தனியாக. ஃபுல்பேக்கைப் பார்த்தால் விங்கருக்கு ஷாட். ஃபுல்பேக்குக்குப் பல நேரம் பந்தே வராது. ஆனாலும் ஓட வேண்டும். ஒரு மேட்ச்சில் இருபது முப்பது முறை அறுபது மீட்டர் போய், பந்து கிடைக்காமல் திரும்பி வரும் வேலை அது. ஹைலைட்ஸில் வராது.

இதன் உச்சம் 2018-19 சீசனின் லிவர்பூல். பிரீமியர் லீக்கில் அதிக கோல் அடித்தவருக்கான தங்கக் காலணியை அந்த சீசனில் மூன்று பேர் பகிர்ந்துகொண்டார்கள், தலா 22 கோல். ஒருவர் ஆர்சனலின் ஔபமயாங். மற்ற இருவரும் லிவர்பூலின் சலா, மானே. ஒருவர் வலது பக்கத்து இடது கால், இன்னொருவர் இடது பக்கத்து வலது கால். அதே சீசனில் அதே அணியின் ஃபுல்பேக்குகள் அலெக்சாண்டர்-ஆர்னால்ட் 12 கோல்களுக்கும், ராபர்ட்சன் 11 கோல்களுக்கும் பந்து எடுத்துக்கொடுத்தார்கள். ஓரத்து வீரர்கள் கோல் அடிக்கிறார்கள், டிஃபெண்டர்கள் கிராஸ் போடுகிறார்கள். சரி, நடுவில் நிற்கும் ஸ்டிரைக்கர் ஃபிர்மினோ? அவர் பின்னால் இறங்கி வந்து, டிஃபெண்டர்களைத் தன்னோடு இழுத்துக்கொண்டு, மற்ற இருவருக்கும் இடம் உண்டாக்கிக் கொடுத்தார். மாட்ரிட்டில் ரொனால்டோவுக்கு பென்சிமா செய்ததும் இதே வேலைதான்.

மேத்யூஸ் காலத்து ஆட்கள் இதைப் பார்த்தால் எல்லோரும் இடம் மாறி நிற்பதாகத்தான் நினைத்திருப்பார்கள்.

பெனிட்டெஸ் கொடுத்த பதிலடி

இதைத் தடுக்கவே முடியாதா? முடியும். அதற்கு ரொம்ப சுவாரஸ்யமான ஓர் உதாரணம் 2007-லேயே இருக்கிறது.

பிப்ரவரி 21, பார்சிலோனாவின் கேம்ப் நூ மைதானம். சாம்பியன்ஸ் லீக் நாக்-அவுட் சுற்று. லிவர்பூலின் பயிற்சியாளர் ரஃபா பெனிட்டெஸ். 19 வயது மெஸ்ஸியை என்ன செய்வது என்பதுதான் அவருடைய தலைவலி. அவர் எடுத்த முடிவு, இடது ஃபுல்பேக்காக ஆல்வரோ ஆர்பெலோவா. சில வாரங்களுக்கு முன்புதான் அணிக்கு வந்தவர். அதைவிட முக்கியம், வலது கால்காரர்.

யோசித்துப் பாருங்கள். மெஸ்ஸி உள்ளே வெட்டினால் பந்து வருவது ஆர்பெலோவாவின் வலது கால் பக்கம். வழக்கமான இடது ஃபுல்பேக்குக்கு அது பலவீனமான கால். ஆர்பெலோவாவுக்கு அதுதான் பலமான கால். தலைகீழ் விங்கருக்குத் தலைகீழ் ஃபுல்பேக். முள்ளை முள்ளால் எடுப்பது என்பார்களே, அது. ஓரத்தில் ஓடினால் ஆர்பெலோவாவுக்குச் சிரமம்தான். ஆனால் மெஸ்ஸி வலது காலால் கிராஸ் போடுவதற்கா அங்கே நிற்கிறார்?

டெகோ அடித்த கோலால் பார்சிலோனா முன்னிலை பெற்றது. ஆனால் மெஸ்ஸியால் அன்று பெரிதாக எதுவும் செய்ய முடியவில்லை. லிவர்பூலுக்கு பெல்லமி ஒன்று, ஜான் ஆர்னே ரீசே ஒன்று. 2-1. வழக்கமாக இடது ஃபுல்பேக்காக ஆடும் ரீசேவை அன்று ஆர்பெலோவாவுக்கு முன்னால் இடது மிட்ஃபீல்டில் ஏற்றியிருந்தார் பெனிட்டெஸ். இடது கால் இடிக்குப் பேர்போன அவர், வெற்றி கோலை வலது காலால் அடித்தது தனிக்கதை. இரண்டாவது போட்டியில் பார்சிலோனா 1-0 என ஜெயித்தும், வெளியூர் கோல் விதியால் லிவர்பூல்தான் அடுத்த சுற்றுக்குப் போனது.

அப்படியென்றால் எல்லோரும் இதையே செய்யலாமே? செய்வதில்லை, காரணம் உண்டு. இடது பக்கம் நிற்கும் வலது கால் ஃபுல்பேக் தாக்குதலுக்குப் போக மாட்டார். போனாலும் இடது காலால் கிராஸ் வராது. ஒரு மேட்ச்சுக்குச் சரி, 38 மேட்ச்சுக்கு ஒத்துவராது. அதனால் இன்று பெரும்பாலான அணிகளின் பதில் எளிமையானது. விங்கர் மீது இரண்டு ஆள் போடுவது. ஒருவர் ஓரத்தை, ஒருவர் உள்பக்கத்தை. ஆர்சனலின் சாகா பந்தை வாங்கிய உடனே எதிரணியின் ஃபுல்பேக்கும் விங்கரும் சேர்ந்து ஓடி வருவதை வாராவாரம் பார்க்கலாம்.

தலைகீழ் விங்கரின் உண்மையான பலவீனமும் இங்கேதான் தெரியும். அவர் போகும் இடம் ஏற்கெனவே கூட்டமான இடம். எதிரணி பத்து பேரும் பாக்ஸ் முன்னால் வரிசை கட்டி நின்றுவிட்டால், உள்ளே வெட்டி வெட்டி அடிக்கும் ஷாட் எல்லாம் யாராவது ஒருவர் காலில் பட்டுத் திரும்பும். ‘ஏன்டா எப்பப் பார்த்தாலும் உள்ளயே வர்றே?’ என்று நள்ளிரவில் டிவியைப் பார்த்துக் கத்தியவர்கள் நம் ஊரிலும் நிறைய பேர் இருப்பார்கள்.

பெப் போட்ட யு-டர்ன்

எல்லோரும் இந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தபோது பெப் கார்டியோலா அந்தப் பக்கம் ஓடினார். 2017-18 சீசனின் மான்செஸ்டர் சிட்டியில், இடது பக்கம் இடது கால்காரர் லெராய் சானே, வலது பக்கம் வலது கால்காரர் ரஹீம் ஸ்டெர்லிங். மேத்யூஸ் காலத்து ஏற்பாடு! ஆனால் தூக்கிப் போடும் கிராஸ் கிடையாது. இருவரும் கோட்டை ஒட்டியே அகலமாக நிற்பார்கள். ஒருவர் கோல் லைன் வரை போய்ப் பந்தைத் தரையோடு குறுக்கே அனுப்புவார். மறுபக்கத்திலிருந்து ஓடி வந்தவர் தூரத்துக் கம்பத்தில் காலை வைத்தால் போதும்.

இங்கே ஓரத்தில் விங்கரே நிற்பதால் ஃபுல்பேக்குக்கு அங்கே வேலையில்லை. ஆகவே இடது ஃபுல்பேக்காக ஆடிய டெல்ஃப் நடுவே வந்து மிட்ஃபீல்டர் போல ஆடினார். ஓரத்தில் ஒருவர், உள்ளே ஒருவர். யார் எங்கே என்பது மட்டும்தான் மாறுகிறது. அந்த சீசனில் சிட்டி 100 புள்ளிகள், 106 கோல்கள். ஸ்டெர்லிங் மட்டும் லீக்கில் 18 கோல். சானே 15 கோல்களுக்குப் பந்து எடுத்துக்கொடுத்தார்.

அதே பெப், 2022-23-ல் மூன்று கோப்பைகளை ஒன்றாக ஜெயித்தபோது, இடதில் வலது கால்காரர் கிரீலிஷையும் வலதில் இடது கால்காரர் பெர்னார்டோ சில்வாவையும்தான் அதிகம் நம்பினார். அதாவது, திரும்பவும் தலைகீழ். ஆனால் அவர்கள் உள்ளே வெட்டி அடித்தது குறைவு. எதிர்க்காலில் ஆடினால் பந்தை டிஃபெண்டருக்கு எட்டாத உள்பக்கத்தில் பத்திரமாக வைத்துக்கொள்ளலாம், ஆட்டத்தின் வேகத்தைக் குறைக்கலாம் என்பதற்காகவே அந்த ஏற்பாடு. கோல் போட ஹாலண்ட் இருக்கும்போது விங்கர் எதற்குக் கோல் போட வேண்டும்? ஒரே அமைப்பு, நேர் எதிரான இரண்டு நோக்கம். இன்வெர்ட்டட் விங்கர் என்றாலே ராபன் என்று நினைத்துக்கொள்வது இதனால்தான் முழுசாகச் சரியில்லை.

இடது காலுக்கு வந்த மவுசு

இந்த மாற்றத்தால் லாபம் யாருக்கு, நஷ்டம் யாருக்கு?

உலகத்தில் வலது கால்காரர்கள்தான் மிக அதிகம். அதனால் இடது பக்கம் எதிர்க்காலில் ஆட ஆளுக்குப் பஞ்சமே இல்லை. வலது பக்கத்துக்குத் தேவை இடது கால்காரர். அவர்கள் கொஞ்சம் பேர்தான். நல்ல இடது கால் உள்ள, வேகமான ஒரு பையனை எங்கே கண்டாலும் இன்று பெரிய கிளப்புகள் வலது பக்கம் நிறுத்திப் பார்ப்பது இதனால்தான். பேயர்ன் மியூனிக் 2024-ல் கிரிஸ்டல் பேலஸிடமிருந்து மைக்கேல் ஒலிசேவை வாங்கியது. வலது பக்கம், இடது கால். ராபன் விட்டுப்போன அதே ஓரம்.

நஷ்டம் யாருக்கு என்றால், இடது பக்கத்தில் நின்று இடது காலால் கிராஸ் போடும் கிக்ஸ் ரக ஆட்களுக்கு. அந்த வேலையை இப்போது ஃபுல்பேக் பார்க்கிறார். அதேபோல, கிராஸை நம்பிப் பிழைத்த, உயரமான ஸ்டிரைக்கர்களுக்கும் பல வருடங்கள் மார்க்கெட் சரிந்துதான் கிடந்தது.

விளையாட்டும் இப்போது இன்னொரு கட்டத்துக்கு நகர்கிறது. யமாலையே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேர் சேர்ந்து உள்பக்கத்தை அடைத்தால், அவர் ஓரத்தில் நின்றபடியே இடது காலின் வெளிப்பக்கத்தால் பந்தை வளைத்துப் பாக்ஸுக்குள் அனுப்புகிறார். ‘ட்ரிவெலா’ என்று இதற்குப் பெயர். வலது கால் செய்ய வேண்டிய வேலையை இடது காலின் வெளிப்பக்கமே செய்துவிடுகிறது. யூரோ 2024 இறுதிப் போட்டியிலும் ஸ்பெயினின் முதல் கோல் இப்படி ஒரு கலவைதான். வலதிலிருந்து உள்ளே வெட்டி வந்த யமால் ஷாட் அடிக்காமல், மறுபக்கம் ஓடி வந்த நிகோ வில்லியம்ஸுக்குப் பந்தைத் தள்ளினார். வலது கால்காரரான வில்லியம்ஸ், இடது ஓரத்தில் ஆடுபவர், அதை இடது காலால் கோலாக்கினார்.

யமால் வந்ததால் பார்சிலோனாவில் ஒருவர் இடம் இழந்தார். ரஃபீனியா. பிரேசில்காரர், இடது கால், பல வருடம் வலது பக்கம் உள்ளே வெட்டி ஆடியே பெயர் வாங்கியவர். யமால் இருக்கும் அணியில் அந்த இடம் அவருக்கு இனி கிடைக்காது. 2024-ல் பயிற்சியாளராக வந்த ஹான்சி ஃபிளிக் அவரை இடது பக்கம் மாற்றினார். இடது பக்கம் இடது கால். பழைய ஏற்பாடு, ஆனால் பழைய வேலை இல்லை. கோட்டை ஒட்டி நின்று கிராஸ் போடச் சொல்லவில்லை, எதிரணி டிஃபெண்டர்களுக்குப் பின்னால் இருக்கும் காலி இடத்துக்குள் பந்து வரும் முன்பே ஓடச் சொன்னார்கள். 2024-25 சாம்பியன்ஸ் லீக்கில் ரஃபீனியா 13 கோல். டார்ட்மண்டின் கிராசியோடு சேர்ந்து, தொடரிலேயே அதிகம்.